பாதாமி மரத்துக்கு ஜாமீன்

ஜுல்ஃபிகார் என்ற பெயரைத் தூபா முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த நாலாம் நாள், கையில் ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. புகுந்த வீட்டு முற்றத்தில் நின்று, "இதை யாரு அறுத்துக் குடுப்பாங்க?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டாள். கணவர் யதுல்லா ஓடிவந்து உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஜுல்ஃபிகார் இருக்கான்."

"இருந்தா என்ன?"

"அவன் காதுல விழுந்தா சேவலுக்கு ஜாமீன் நிப்பான். அப்புறம் விருந்தாளிங்களுக்கு வெறும் சோறுதான்."

புதுப்பெண்ணாயிற்றே, சிரிப்பைத் தலைத்துணிக்குள் அடக்கிக்கொண்டாள். சேவல் அறுபட்டது, ஆனால் கூரையுள்ள சமையல்கட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

நபியின் மருமகன் அலியின் வாளுடைய பெயரைப் பிள்ளைக்கு வைத்த தகப்பன் என்ன கனவு கண்டாரோ தெரியாது. அந்த வாள் ஈரானின் கான்சார் ஊர் ரொட்டிக்கடையில் மாவு உருட்டியது. பிசைந்த மாவிலிருந்து பிய்த்து, தராசில் போட்டு, அடுப்புக்காரரிடம் தள்ளுவது வேலை. பத்து வருஷம் போன பிறகு தராசு சும்மா பேருக்குத்தான் இருந்தது, கையே எடை சொல்லும். விடியற்காலைத் தொழுகைக்கு முன்னால் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். அடுப்புப் பக்கம் இருந்த கன்னம் மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். கைதேர்ந்த தொழில்காரர் என்று ஊரில் எல்லாரும் உஸ்தா என்றே கூப்பிட்டார்கள்.

உறவு என்று பார்த்தால் அவர் அந்நியரும் இல்லை. தூபாவின் மாமியாருக்குப் பெரியம்மா மகள் ஒருத்தி இருந்தாள், அவளைக் கட்டியவரின் ஒன்றுவிட்ட தம்பிதான் இவர். ஆனால் அந்த உறவை எண்ணிச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை, அவரிடமிருந்து யாருக்கும் ஆகவேண்டியது எதுவும் இல்லாததால். பெண் பார்க்க மூன்று வீட்டுக்குப் போனார். மூன்று வீட்டிலும் சர்பத் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். பிறகு அக்காவோடு இருந்தார். அக்கா போன பிறகு தனியாக இருந்தார்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் அவர் இல்லாமல் தெருவுக்கு ஆகாது. காய்க்காத மரம் உள்ள வீடுகளில் அந்த நாட்களில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டி, "மூணு வருஷமா தண்ணி குடிக்கிற, ஒரு காய் குடுத்தியா? உன்னை இன்னிக்கு விறகாக்குறேன் பார்" என்று அதட்டுவார். இரண்டாவது தட்டு இன்னும் பலமாக விழும். மூன்றாவதற்குக் கை ஓங்கும்போது மற்றவர் பாய்ந்து கையைப் பிடித்து, "விட்டுருங்க, அடுத்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஜாமீன் சொன்ன மரத்தில் அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு இரும்பு படக்கூடாது. ஜாமீனே வராமல் மூன்றாவது அடி விழுந்துவிட்டால் அதைவிட மோசம். வெட்டுவேன் என்று மரத்திடம் சொல்லியாயிற்று, வெட்டித்தான் ஆகவேண்டும்.

மற்றவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு செய்தார்கள். ஜுல்ஃபிகாருக்கு மட்டும் கோடாலி ஓங்கியதும் முகம் வெளுத்துவிடும், குரல் உடைந்துவிடும். அப்படிக் கெஞ்சினால் மரம் நம்பும் என்று வீட்டுக்கு வீடு அவரைத்தான் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் காய்த்தன. ஒரு வருஷம் மருந்துக்கடைக்காரர் வீட்டு அக்ரூட் மரம் காய்க்கவில்லை. இலையுதிர் காலத்தில் இவர் ஒரு மாவுப் பை நிறைய அக்ரூட் வாங்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஐயோ உஸ்தா, அது சும்மா வழக்கத்துக்குச் சொல்றதுதானே!" என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

"சொன்னது நான்தானே, கானும்" என்றார், அம்மா என்பதுபோல் மரியாதையாக. பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவும் தூபாவுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் அவரோடு அவள் பேசியது சலாமும் பதில் சலாமும் மட்டும்தான்.

யதுல்லா போய் இரண்டாம் வருஷம் அந்தப் பெரிய பனி வந்தது. தூபாவுக்குக் குழந்தை இல்லை. பெண்டாட்டிக்கு மண்ணில் பங்கு கிடையாது, மண்மேல் நிற்பதில் உண்டு என்பதுதான் அங்கே சட்டம். அதனால் முற்றத்துக் கடைசியில் இருந்த சின்ன அறையும், நடுவில் நின்ற, ஆப்ரிகாட் என்கிற சர்க்கரைப் பாதாமி மரமும் தூபாவுக்கு என்றும், தரையும் முன்வீடும் கொழுந்தன் ஹெய்தருக்கு என்றும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்திருந்தார்கள். யதுல்லா கல்யாணத்தன்று ஊன்றிய மரம் அது. அது நிற்கும்வரை முற்றத்தில் தூபாவுக்கு ஒரு நிழல், ஒரு பாத்தி, தண்ணீர் பாயும் நாளில் ஒரு பங்கு, எல்லாம் உண்டு. மரம் போனால் அறையும் நாலு கட்டு விறகும்தான் மிச்சம்.

ஹெய்தர் கெட்டவர் இல்லை. மினிபஸ் ஓட்டுபவர், சத்தமாகப் பேசுவார், அண்ணியைக் கேட்காமல் அவர் வீட்டில் மாவு வாங்க மாட்டார்கள். ஆனால் மகன் பீஜனுக்குப் பெண் பேசியாயிற்று. பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று, தனியாக ஓர் அறை. முற்றத்தில் அறை கட்ட இடம் பார்த்தால், பாதாமி மரம் நின்ற இடத்தைத் தவிர வேறு இல்லை. மரம் உயிரோடு இருந்தவரை ஹெய்தர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் குளிர்காலம் அவருக்கு வாயைக் கொடுத்தது.

நடுக்குளிரில் பத்து நாள் வெயில் அடித்தது. பனி உருகி ஓடியது, பூனைகள் கூரை ஏறின. வசந்தம் என்று மரம் ஏமாந்து சாற்றை மேலே ஏற்றிக்கொண்டது. பதினோராம் நாள் மலையிலிருந்து இறங்கிய குளிரில் முற்றத்துத் தொட்டி அடிவரை உறைந்து பிளந்தது. பாதாமியின் பட்டை மேலிருந்து கீழே ஒரு முழ நீளத்துக்கு வெடித்த சத்தம் தூபாவுக்குப் படுக்கையில் கேட்டது. குழாய் வெடித்தது என்று நினைத்தாள்.

பனி முடிந்து நிலம் இளகியதும் மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன. முதலில் பூண்டு. இலையுதிர் காலத்தில் ஊன்றியது, மிச்சப் பனியைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாக வந்தது. அழுகிய இலைக்கு அடியில் புதினா ஊதா மூக்கை நீட்டியது. சுவரோரம் வயலட் பூ, யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு வந்தது. கத்தரித்துவிட்ட திராட்சைக் கொடி வெட்டுவாயிலிருந்து சொட்டுச் சொட்டாக அழுதது, அழுகிற கொடிக்கு உயிருண்டு. சீமைமாதுளையின் மொட்டுக்குச் சாம்பல் நிறத்தில் பூனைக்காது முடி. ரோஜாக் குச்சியில் குருவி நாக்குப் போலச் சிவப்பு. தூபாவின் தேநீர் சமோவார் மேல் சூடு காய ஒரு குளவிகூட வந்து உட்கார்ந்தது.

பாதாமி மட்டும் கறுத்து நின்றது. மற்ற மரங்கள் இலையைப் பற்றி யோசிக்கும் முன்பே பூத்துவிடுகிற மரம் அது. தூபா ஒரு மொட்டைப் பறித்து நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கரிப்பொடி. இன்னொன்று. அதிலும் கரிப்பொடி. நாலாவதோடு நிறுத்திக்கொண்டாள். அன்று மாலை ஹெய்தர் முற்றத்தில் செருமினார்.

"அண்ணி, நான் சொல்லக் கூடாது…"

"சொல்லாதீங்க தம்பி. எனக்கும் கண்ணு இருக்கு."

"அண்ணன் கையால வெச்ச மரம். எனக்கு மட்டும் மனசு வருமா? ஆனா செத்துப்போச்சு. கொத்தனார் நவ்ரூஸ் முடிஞ்சதும் வர்றேங்கிறான்."

தூபா தலையை ஆட்டினாள். சரி என்று வாயால் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஹெய்தர் கோடாலியோடு வந்தார். தூபா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேவையே இல்லாமல் பருப்பில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். முதல் அடி விழுந்தது. பருப்புத் தட்டில் விரல் நின்றது. இரண்டாவது அடி விழுந்தது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் உருண்டது, ஏணி இழுபட்டது, பிறகு ஒரு குரல்.

"அடிக்காதீங்க! அடிக்காதீங்க ஹெய்தர்! காய்க்கும்! நான் ஜாமீன்!"

தூபா கதவைத் திறந்தாள். சுவர்மேல் வயிற்றைப் போட்டு, ஒரு காலை இந்தப் பக்கம் வீசி, மற்றக் காலில் மட்டும் செருப்போடு, புருவமெல்லாம் மாவோடு ஜுல்ஃபிகார் தொங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடிவந்த முகம். ஹெய்தரின் கோடாலி மூன்றாவது அடிக்குத் தூக்கியபடி தலைக்கு மேலே நின்றது.

"யோவ் உஸ்தா, இறங்குய்யா. இது அந்த அடி இல்ல. நிஜமாவே வெட்டுறேன்."

"அப்படித்தான் எல்லாரும் மரத்துக்கிட்ட சொல்வாங்க" என்றார் ஜுல்ஃபிகார் மூச்சு வாங்க. "ஜாமீனுக்கு ஆளு வர மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு அடி விழுந்துருச்சே. மூணாவது விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"மரம் விழும்! அதுக்குத்தான்யா அடிக்கிறேன்! செத்த மரம்யா இது!"

ஜுல்ஃபிகார் அப்போதுதான் மரத்தை நன்றாகப் பார்த்தார். கோடாலியின் கூர்ப்பக்கம் பட்ட வெட்டையும் பார்த்தார். முகம் இன்னும் வெளுத்தது. "ஐயையோ" என்றார். "தெரியாம சொல்லிட்டேன்."

"சரி, தெரியாம சொன்னதுதானே? இறங்கு." ஹெய்தர் மறுபடி கையை ஓங்கினார்.

"கோடாலியைக் கீழ போடுங்க!"

இது வேறு குரல். ஹெய்தரின் மனைவி கிஷ்வர், மாவுக் கையோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். அறை வேண்டும் என்று இராப்பகலாக நச்சரித்தவளே அவள்தான்.

"உனக்கு என்னடி இப்ப?"

"ஜாமீன் சொல்லியாச்சு. தெரிஞ்சு சொன்னா என்ன, தெரியாம சொன்னா என்ன? வார்த்தை விழுந்துருச்சு. இதுக்கு மேல இரும்பு பட்டா அந்த இடத்துல கட்டுற அறை விளங்குமா? புது மருமக வந்து உட்கார வேண்டிய இடங்க அது!"

"ஒரு ரொட்டிக்கடைக்காரன் தூக்கக் கலக்கத்துல கத்தினதுக்கு…"

"யாரு கத்தினா என்ன? எல்லாருக்கும் கேட்டுச்சு. மரத்துக்கும் கேட்டுச்சு."

ஹெய்தர் கோடாலியை இறக்கினார். பஸ்ஸில் நாற்பது பேரை அதட்டி உட்கார வைப்பவர், கிஷ்வரை எதிர்த்துப் பேசி ஜெயித்ததில்லை. கோபத்தைச் சுவர்மேல் திருப்பினார்.

"ஒரு வருஷம் நான் காத்திருக்க முடியாது, ஆமா. கல்யாணம் திராட்சை சீசனுக்கு. எத்தனை நாள் வேணும்னு சொல்லு."

"நவ்ரூஸ் பதிமூணாம் நாள் வரைக்கும்" என்றார் ஜுல்ஃபிகார்.

"வரலேன்னா? என்ன குடுப்ப? ஒரு கூடைப் பாதாமியா? எனக்கு வேண்டியது அறைய்யா!"

ஜுல்ஃபிகார் சுவர்மேல் தொங்கியபடியே யோசித்தார். ஒருமுறை திரும்பித் தன் முற்றத்தைப் பார்த்தார். அங்கே நாலு பாத்தி வெங்காயமும் அக்கா வைத்த ஒரு ரோஜாவும்தான் இருந்தன.

"வரலேன்னா இந்தப் பக்கம் கட்டிக்குங்க. என் எடத்துல."

ஹெய்தர் கோடாலியைச் சுவரில் சாய்த்தார். கடைசியில் கிஷ்வர்தான், "அந்தச் செருப்பை யாராவது எடுத்துக் குடுங்க, குளிர்ல வெறுங்காலோட தொங்குறாரு" என்றாள். செருப்பு சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்திருந்தது. தூபா எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து ஜுல்ஃபிகார் தினமும் மதியம் தெருவைச் சுற்றி வாசல் வழியாகவே வந்தார், கிஷ்வர் முற்றத்தில் இருக்கும் நேரம் பார்த்து. கோடாலி வெட்டில் மண்ணும் வைக்கோலும் சாம்பலும் குழைத்துப் பூசினார். வெடித்த பட்டையை மாவுச் சாக்கால் சுற்றிக் கட்டினார். பிறகு கிளை நுனியில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் கீழே வந்து, நகத்தால் கீறிப் பார்த்தார். தூபா பக்கத்தில் நின்று பார்த்தாள். கீறிய இடம் ஒவ்வொன்றும் பழுப்பாக இருந்தது, ரொட்டியின் அடிப்பக்கம் போல.

"நாளைக்கு இன்னும் கீழ பார்க்கலாம், கானும்" என்பார்.

"கீழ எவ்வளவுதான் இருக்கு, உஸ்தா?"

"இருக்கு, இருக்கு."

அந்த வருஷம் தூபாவுக்குத் தோட்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எல்லாம் வந்துவிட்டது. வேண்டாத புல்கூட வந்துவிட்டது. நவ்ரூஸுக்கு வாழ்த்துச் சொல்ல வந்த உறவுக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மரத்தைத்தான் பார்த்தார்கள். பிறகு தூபாவைப் பார்த்தார்கள். பிறகு தட்டிலிருந்த கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு குளிர் எப்படி இருந்தது என்று பேசினார்கள்.

"ஒவ்வொரு வருஷமும் நம்மளைப் பார்க்க வருவாங்க" என்றாள் கிஷ்வர். "இந்த வருஷம் அக்கா மரத்துக்கு நோய் விசாரிக்க வர்றாங்க. அடுத்த தட்டு மிட்டாயை மரத்தடியிலயே வெச்சிருவோமா?"

"வை. அதாவது வாயைத் திறக்குதான்னு பார்ப்போம்" என்றாள் தூபா. சிரிக்கத்தான் பார்த்தாள். கிஷ்வர் அவளுடைய டம்ளரில் இன்னொரு முறை தேநீர் ஊற்றினாள்.

நவ்ரூஸ் பத்தாம் நாள் கீறல் இடுப்பு உயரத்துக்கு வந்தது. பழுப்புதான். அன்று ஜுல்ஃபிகார் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் காலை தூபா மரத்தடியில் புதினாவுக்காகச் சருகை ஒதுக்கினாள். விரலில் ஏதோ வழுவழுப்பாகப் பட்டது. மண்ணை ஊதினாள். அடிமரத்தை ஒட்டி, சுண்டுவிரல் நகமளவு, செம்பச்சையாக ஒரு துளிர். அதன் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒன்று. அவள் கத்தவில்லை. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, அதன்மேல் மூச்சுப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு வருஷத்தில் அழாததை எல்லாம் அழுதாள்.

மதியம் ஜுல்ஃபிகார் வாசலில் தலை காட்டியதுமே, "வாங்க, வாங்க, வந்து பாருங்க!" என்று கையை ஆட்டினாள். அவர் குனிந்தார். மாவுக் கையால் மண்ணை இன்னும் கொஞ்சம் விலக்கினார். முகம் மலர்ந்தது. பிறகு அடிமரத்தில் ஓரிடத்தைத் தடவினார், முழங்கால் மூட்டு மாதிரிப் புடைத்திருந்த இடம். மலர்ந்த முகம் மெல்ல அடங்கியது.

"என்ன உஸ்தா?"

"இது ஒட்டுப் போட்ட எடம். இதுக்கு மேல இருக்கிறது யதுல்லா வெச்ச சர்க்கரைப் பாதாமி. கீழ இருக்கிறது காட்டுக்கட்டை, கசப்புக் கொட்டை. துளிர் வந்திருக்கிறது கீழ இருந்து."

தூபா புடைப்பையும் துளிரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் நாலு விரல்கடை.

"உயிர்தானே?"

"உயிர்தான்."

"பச்சைதானே?"

"பச்சைதான். ஆனா நான் ஜாமீன் நின்ன மரம் இது இல்லியே, கானும்."

தூபா குரலைத் தாழ்த்தினாள். "ஹெய்தர் தம்பிக்கு டயருக்கும் ஸ்டியரிங்குக்கும்தான் வித்தியாசம் தெரியும். நாளைக்குக் காலையில வந்து பார்ப்பாரு. பச்சை தெரிஞ்சா போயிடுவாரு. நீங்க வாயைத் திறக்க வேணாம்."

அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"உங்க எடம் போயிடும், உஸ்தா. உங்க அக்கா வெச்ச ரோஜா போயிடும். எனக்காக நீங்க ஏன் இழக்கணும்? நீங்க சொல்ல மாட்டீங்க, இல்ல?"

"பார்க்கலாம்" என்றார். அவர் போனபின் தூபா துளிரைச் சுற்றி நாலு செங்கல்லை வைத்தாள், கோழி கொத்தாமலிருக்க.

பதிமூன்றாம் நாள் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும் நாள். மினிபஸ்ஸில் கம்பளமும் கெண்டியும் புளிப்பு மோர்ச்சாடியும் ஏற்றியாயிற்று. பீஜனுக்குப் பேசிய பெண்ணின் வீட்டாரும் ஆற்றங்கரையில் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஹெய்தர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே மரத்தடிக்கு வந்தார். ஜுல்ஃபிகார் சவரம் செய்து, வெள்ளிக்கிழமைக் கோட்டுப் போட்டு நின்றார்.

தூபா செங்கல்லை விலக்கிக் காட்டினாள்.

ஹெய்தர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஏமாற்றமும் இருந்தது, அதோடு கூட அண்ணன் நினைவும் இருந்தது போலத் தூபாவுக்குத் தோன்றியது. "சரி" என்றார். "பச்சை வந்துருச்சு. உஸ்தா, நீ ஜெயிச்சுட்ட. பீஜனுக்கு வேற வழி பார்க்கிறேன்."

"இல்ல" என்றார் ஜுல்ஃபிகார். "தோத்துட்டேன்."

"என்னது?"

"அது காட்டுக்கட்டைத் துளிர். மேல மரம் போயிடுச்சு. ஜாமீன் முடிஞ்சது, இனி மரத்துல இரும்பு படலாம். கொத்தனாரை என் பக்கம் கூட்டிட்டு வாங்க."

ஹெய்தர் அவரைப் பார்த்தார், தூபாவைப் பார்த்தார், கிஷ்வரைப் பார்த்தார். "இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறேன். ஜெயிச்சவன் தோத்துட்டேன்னு சொல்லி எங்கயும் பார்த்ததில்ல" என்றார்.

தூபாவுக்கு வந்த கோபத்தில் தலைத்துணி நழுவியது தெரியவில்லை. "உங்களை யாருய்யா வாயைத் திறக்கச் சொன்னது? மரத்துக்குப் பயந்தீங்களா? மனுஷி நான் இங்க நிக்கிறேன், எனக்குப் பயம் இல்லியா?"

"மரத்துக்குப் பயப்படல" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மேல இருக்கிற மரம் செத்துருச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதை அறுத்து எடுத்துட்டு, கீழ வர்றதுல புதுசா ஒட்டுப் போடுவோம். உயிரோட இருக்குன்னு சொன்னா யாரும் தொட மாட்டாங்க, செத்ததே நிக்கும். துளிரும் வீணாப் போயிடும். உங்க பங்கு இந்த முற்றத்துல நிக்கணும்னா அது காய்க்கிற மரமா நிக்கணும். எனக்கென்ன, வெங்காயத்தைக் கடையில வாங்கிக்கலாம்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. தூபா நழுவிய தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே பீஜன் ஹாரன் அடித்தான். கிஷ்வர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உஸ்தாவும் வண்டியில ஏறட்டும். பதிமூணாம் நாள் யாரும் வீட்டுக்குள்ள உட்காரக் கூடாது" என்றாள். ஆற்றங்கரையில் அன்று அவர் பெண் வீட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அறைக்கு இடம் கொடுத்த பெரியவர் என்று ஹெய்தர் அவரை அறிமுகம் செய்துவைத்தார்.

கொத்தனார் வந்தான். அறை அந்தப் பக்கம் எழ வேண்டும், வாசல் இந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஆகவே நடுச்சுவர் இறங்கியது. பழைய சுவரின் செங்கல்லையே அறைக்குப் போட்டார்கள். ரோஜாவை ஜுல்ஃபிகார் வேர்மண்ணோடு தோண்டி தூபாவின் பாத்தியில் வைத்தார். அறை முடிந்தது. மிச்ச இடத்தில் சுவர் இல்லாமல் இரண்டு ஆள் அகலத்துக்குத் திறந்து கிடந்தது.

ஒரு நாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது கிஷ்வர் பேச்சைத் தொடங்கினாள்.

"அக்கா, இந்தத் திறந்த எடத்தைப் பத்திப் பக்கத்து வீட்டுல பேச ஆரம்பிச்சுட்டாங்க."

"சுவர் எழுப்பச் சொல்லு."

"செங்கல் தீர்ந்துபோச்சே."

"வாங்கச் சொல்லு."

"எதுக்கு வாங்கணும்? முல்லா வந்து ரெண்டு வார்த்தை ஓதினா செங்கல் மிச்சம்."

தூபா பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. காது சிவந்தது. "நாற்பத்தஞ்சு வயசுல எனக்கென்ன கல்யாணம்? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அந்தாளு ஒரு துளிருக்காகத் தன் எடத்தையே குடுத்தாரு. நீங்க அதைத் துளிருக்காகன்னு நெனச்சீங்களா? ஊரே வேற மாதிரி நெனச்சுட்டு இருக்கு, உங்களுக்குத்தான் தெரியல."

"அவரு அப்படி ஒண்ணும் சொல்லலியே."

"அவரு சொல்ல இன்னொரு இருபத்திரண்டு வருஷம் ஆகும். காத்திருக்கப் போறீங்களா?"

தூபா எழுந்து போனாள். மறுநாள் மதியம் ஜுல்ஃபிகார் அந்தத் திறந்த இடத்தில் வந்து நின்றபோது, அவளே தேநீர்த் தட்டோடு போய், "உஸ்தா, சுவர் எழுப்பலாமா, வேணாமா? கிஷ்வர் கேட்கிறா" என்றாள். அவர் டம்ளரை எடுத்தார். சுவர் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார்.

"வேணாம்" என்றார். சர்க்கரைக் கட்டியைப் போட மறந்து அப்படியே குடித்தார்.

பீஜன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர்கள் நிக்காஹ், அமைதியாக, நாலு பேர் சாட்சியோடு முடிந்தது.

மேல்மரத்தை அறுத்தார்கள். அந்தக் கோடையில், காட்டுத் துளிர் விரல் கனம் ஆனபோது ஜுல்ஃபிகார் அதில் ஒட்டுக் கட்டினார். யதுல்லா ஒரு காலத்தில் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு ஒட்டுப் போட இந்த மரத்துக் கிளை கொடுத்திருந்தார் என்பது தூபாவுக்குத்தான் நினைவு வந்தது. அங்கே நின்ற மரத்திலிருந்து மொட்டுக் கொண்டுவந்தார்கள். முதல் மொட்டு கருகிவிட்டது. இரண்டாவது பிடித்தது. நாலாம் வருஷம், குளிர் முழுதாகப் போகும் முன்பே, கை அகலக் கிளையில் பதினேழு பூ வந்தது. தூபா எண்ணினாள். அதில் மூன்று காயானது. ஒன்றை ஹெய்தருக்குக் கொடுத்தாள். அவர் தின்றுவிட்டு, "அண்ணனோட பழம்தான்" என்றார், கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது ஜுல்ஃபிகாருக்கு எழுபத்தாறு வயது. கண் ஆபரேஷனுக்காக, இஸ்ஃபஹானுக்குக் குடிபோன பீஜன் வீட்டில் இருக்கிறார். தூபாவும் கூடப் போயிருக்கிறாள். கட்டு அவிழ்த்தாயிற்று, அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார்கள்.